செக்கரும் செக்கரும்

மாலைப் பொழுதில் மேற்றிசை வானம் செந்நிறம் பெற்று விளங்கும் காட்சியைக் கண்டு மகிழாதார் இலர். அச்செவ்வானத்தை நம் முன்னோர் ‘செக்கர்’ என்னும் சொல்லால் வழங்கினர். செம்மை என்னும் நிறப்பண்பின் அடியாகப் பிறந்த இனிய தமிழ்ச்சொல் அது. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் இச்சொல்லின் பொருளை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பொழுது கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, பேருந்தில் ஏறிப் பயணச்சீட்டைக் காட்டச் சொல்லுகிறாரே, அவரையும் செக்கர் என்றுதானே அழைக்கிறோம்? இரண்டும் ஒரே சொல்லா?” என்று வினவினான். வகுப்பு முழுவதும் கொல்லென்று நகைத்தது. நானும் நகைத்தேன். “அஃது ஆங்கிலம். தமிழ் வகுப்பில் அதற்கு என்ன வேலை? உட்கார்” என்றேன். அவன் முகம் வாடி அமர்ந்தான்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில் வானத்தில் செக்கர் படர்ந்திருந்தது. அதனைக் கண்டதும் அம்மாணவனது வாடிய முகமே என் நினைவுக்கு வந்தது. அவன் கேட்டதில் பிழை யாது? ஒலியால் ஒத்த இரு சொற்களைக் கண்டான். அவை ஓரினமோ வேறினமோ என்று ஐயுற்றான். சொல்லாராய்ச்சி அத்தகைய ஐயத்தினின்றே பிறக்கின்றது. விடை அறியாத நான் என் அறியாமையைச் சிரிப்பால் மறைத்துக்கொண்டேன். அதன்பின் ஓய்வு கிடைத்த போதெல்லாம் அகராதிகளையும் வரலாற்று நூல்களையும் துருவி, அச்சொல்லைப் பற்றி அறிந்துகொண்டேன். அங்ஙனம் அறிந்தவற்றையே இப்பாடத்தில் உரைக்கின்றேன்.

பேருந்துச் செக்கர் என்னும் சொல்லுக்கு அடியாக நிற்பது ‘செக்’ என்னும் ஆங்கிலச் சொல். மாணவர்களே, ஒரு நாளில் இச்சொல்லை நாம் எத்தனை முறை கேட்கின்றோம் என்று எண்ணிப் பாருங்கள். வங்கியில் பணம் பெறுவதற்கு எழுதிக் கொடுக்கும் தாள் ஒரு செக். துணிக்கடையில் கட்டம் கட்டமாக நெய்த துணியைக் காட்டி, அதனையும் செக் என்பர். கணக்கு எழுதியவன் அதனைச் சரிபார்ப்பதைச் ‘செக் பண்ணுதல்’ என்று பேச்சில் வழங்குகின்றோம். சாலையில் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் இடம் செக்போஸ்ட். ஓடையின் குறுக்கே நீரைத் தேக்கக் கட்டும் சிறு அணை செக்டேம். சதுரங்கம் ஆடும் சிறுவன் எதிரியின் அரசனைத் தாக்கியவுடன் உரத்துக் கூறுவதும் ‘செக்’ என்பதே. ஆங்கிலத்தில் பணத்தாளைக் குறிக்கும் சொல்லுக்கு மட்டும் எழுத்து வேறு, ஒலி ஒன்றே.

பணத்தாளுக்கும் ஓடை அணைக்கும் என்ன உறவு? சட்டைத் துணிக்கும் சதுரங்கத்திற்கும் என்ன தொடர்பு? மேற்போக்காக நோக்குவார்க்கு இவை ஒன்றோடொன்று சிறிதும் இயைபு இல்லாதனவாகவே தோன்றும்.

ஒரு சொல் பல பொருள் தருதல் தமிழர்க்குப் புதியதன்று. ‘மா’ என்னும் ஓரெழுத்துச் சொல் மாமரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும், பெருமையையும் குறிக்கும், நிலத்தின் ஓர் அளவையும் குறிக்கும். இத்தகைய சொற்களைத் தொகுத்துக் கூறுதற்கென்றே, திவாகரம் என்னும் பழைய நிகண்டு தனியே ஒரு தொகுதியை அமைத்துள்ளது. சொற்கள் யாவும் பொருள் உடையனவே என்பதும், அப்பொருள் அமைந்த காரணம் நோக்கிய அளவில் விளங்கித் தோன்றாது என்பதும் தொல்காப்பியர் கொள்கை. விளங்கித் தோன்றாது என்றாரேயன்றி, காரணமே இல்லை என்று அவர் கூறவில்லை. ஆதலின், காரணத்தைத் தேடிக் காண்பது கற்பவர் கடமையாகின்றது.

அங்ஙனம் தேடும்பொழுது இருவகைச் சொற்களைக் காணலாம். ஓர் ஆலமரத்தின் விழுதுகள் தனித்தனி மரங்கள்போல நிற்பினும், அவையெல்லாம் ஒரே மரத்தினின்று இறங்கியவை. ஒருவகைச் சொற்பொருள்கள் அவ்விழுதுகளைப் போன்றவை. சந்தையில் ஒரே நிற ஆடை உடுத்த இருவர் அருகருகே நிற்கலாம். அதனால் அவர்கள் உடன்பிறந்தார் ஆகார். மற்றொருவகைச் சொற்கள் அவ்விருவரைப் போன்றவை. ‘செக்’ என்னும் சொல்லின் பொருள்கள் எவ்வகையைச் சார்ந்தவை? இதனை அறிய வேண்டுமாயின், அச்சொல் நடந்து வந்த வழியே நாமும் பின்னோக்கி நடந்து செல்லல் வேண்டும். அவ்வழி இங்கிலாந்தில் தொடங்கவில்லை. அது நம் பாரத நாட்டின் ஆட்டம் ஒன்றையும் பாரசீக நாட்டின் சொல் ஒன்றையும் கொண்டு தொடங்குகின்றது.

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படைகளையும் காய்களாக அமைத்து ஆடும் ஆட்டம் சதுரங்கம். ‘நான்கு உறுப்புக்களை உடையது’ என்பது அப்பெயரின் பொருள். இவ்வாட்டம் இந்திய நாட்டில் தோன்றி, கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் பாரசீகம் சென்றது என்பது வரலாற்றறிஞர் பலரும் உடன்படும் முடிபு. பாரசீக மொழியின் பெருங்காப்பியமாகிய ஷாநாமாவும், இந்திய மன்னர் ஒருவர் பாரசீக அரசவைக்கு இவ்வாட்டத்தை அனுப்பியதாக ஒரு கதை கூறுகின்றது. பாரசீகர் இதன் பெயரைச் ‘சத்ரங்’ என்று திரித்து வழங்கினர்.

பாரசீக மொழியில் அரசனைக் குறிக்கும் சொல் ‘ஷா’ என்பது. ஷாநாமா என்னும் நூற்பெயருக்கும் ‘அரசர் நூல்’ என்பதே பொருள். வடமொழியில் ஆளும் குலத்தாரைக் குறிக்கும் சத்திரியர் என்னும் சொல்லும், இந்த ஷா என்னும் சொல்லும், ‘ஆளுதல்’ என்னும் பொருளுடைய ஒரே தொன்மையான வேரினின்று கிளைத்தவை. சதுரங்கத்தில் எதிரியின் அரசனைத் தாக்கும் நிலையில் ஒரு காயை வைத்தவன், “ஷா” என்று கூவி எச்சரிப்பான். ‘உன் அரசனைக் காத்துக்கொள்’ என்பது அதன் கருத்து. அவ்வரசன் தப்ப வழியின்றி அகப்பட்டுக்கொண்டால், “ஷா மாத்” என்பர். ‘அரசன் செயலற்றான்’ என்றும், ‘அரசன் மாண்டான்’ என்றும் இதற்கு இருவகையாகப் பொருள் உரைப்பர். இன்று ஆட்டத்தின் முடிவில் ‘செக்மேட்’ என்கின்றோமே, அஃது இத்தொடரின் திரிபே.

7ஆம் நூற்றாண்டில் அராபியர் பாரசீகத்தை வென்றனர். வென்றவர் தோற்றவரிடமிருந்து இவ்வாட்டத்தைக் கற்றுக்கொண்டனர். 711ஆம் ஆண்டில் தொடங்கி அவர்தம் ஆட்சி ஸ்பெயின் நாட்டிலும் பரவியது. அந்நாட்டின் வழியாகவும் இத்தாலியின் வழியாகவும் சதுரங்கம் ஐரோப்பாவிற்குள் புகுந்தது. ஆட்டத்தோடு ஆட்டச் சொற்களும் உடன் சென்றன. ஷா என்னும் சொல்லை அக்கால இலத்தீன் மொழியினர் ‘ஸ்காக்குஸ்’ என்று திரித்தனர். பிரெஞ்சு மக்கள் நாவில் அது ‘எஸ்செக்’ என்று ஆயிற்று. 1066ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழி பேசிய நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சுச் சொற்கள் பல ஆங்கிலத்தில் வந்து கலந்தன. அவற்றுள் இதுவும் ஒன்று. முதலில் நின்ற ‘எஸ்’ என்னும் ஒலி உதிர்ந்து, செக் என்னும் சொல் நின்றது. அப்பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவமே ‘செஸ்’ என்று ஆயிற்று. ஆகவே, செக் என்பதும் செஸ் என்பதும் ஒரே சொல்லின் ஒருமையும் பன்மையும் ஆகும். இரண்டினுள்ளும் பாரசீக அரசனே மறைந்திருக்கின்றான்.

இனி, அரசன் என்னும் பொருளுடைய சொல் தடை என்னும் பொருளை எவ்வாறு பெற்றது என்று காண்போம். செக் என்ற சொல் கேட்டவுடன் ஆடுபவன் தான் எண்ணியிருந்த காய் நகர்வைச் செய்ய இயலாது. முன்னேறும் யானையையும் பாயும் குதிரையையும் விட்டுவிட்டு, அரசனைக் காத்தற்கே முற்பட வேண்டும். எனவே, அச்சொல் அவனுக்கு ஒரு தடை ஆயிற்று. ஆட்டத்தில் தோன்றிய இப்பொருள் பின்னர் ஆட்டத்திற்கு வெளியேயும் பரவியது. ஓடும் குதிரையை நிறுத்துவதும், பொங்கும் சினத்தை அடக்குவதும், பாயும் நீரைத் தேக்குவதும் செக் எனப்பட்டன. ஓடை அணைக்கு அப்பெயர் வந்தது இவ்வாறே.

தடை என்னும் பொருளிலிருந்து சரிபார்த்தல் என்னும் பொருள் தோன்றியது. பிழை புகாமல் தடுப்பதற்காக ஒன்றை மீண்டும் நோக்குதலும், வஞ்சம் நிகழாமல் தடுப்பதற்காக ஒருவரை நிறுத்திச் சோதித்தலும் தடுத்தலின் வகைகளே அன்றோ? சாலைச் சோதனைக்கும் பேருந்துச் செக்கருக்கும் அப்பெயர் வந்த காரணம் இதுவே.

மற்றொரு கிளை சதுரங்கப் பலகையிலிருந்து புறப்பட்டது. பலகையில் மாறிமாறி அமைந்த கட்டங்களைப் போன்ற கோலமுடைய துணியும் செக் எனப்பட்டது. சென்னைக் கடற்கரைப் பகுதிகளிலிருந்து கடல் கடந்து சென்ற கட்டமிட்ட பருத்தித் துணியை மேலைநாட்டார் இன்றும் ‘மெட்ராஸ்’ என்றே வழங்குகின்றனர். சதுரங்கத்தின் வழிவந்த பெயருடைய கோலத்தைத் தமிழ் நெசவாளரின் தறிகள் உலகெங்கும் பரப்பின என்பது எண்ணி மகிழ்தற்குரியது.

பணத்தாளின் கதை இவை எல்லாவற்றினும் சுவை மிக்கது. முதலாம் ஹென்றி என்னும் மன்னர் 1100 முதல் 1135 வரை இங்கிலாந்தை ஆண்டார். அவர் காலத்தில் அரசாங்க வரவுகளைத் தணிக்கை செய்ய ஓர் அவை நிலைபெற்றது. மாவட்டங்களில் வரி தண்டிய ‘ஷெரிப்’ என்னும் அதிகாரிகள் அவ்வவை முன்னர் வந்து கணக்குக் காட்டல் வேண்டும். அக்காலத்து ஆங்கிலேயர் உரோம எண்களையே எழுதினர். அவ்வெண்களைக் கொண்டு பெருந்தொகைகளைக் கூட்டுவதும் கழிப்பதும் எளிதன்று. ஆதலின், பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உடைய ஒரு மேசையின்மீது கோடுகள் இட்ட கரிய துணியை விரித்தனர். அதன் கட்டங்களில் வட்டுக்களை வைத்துக் கணக்கிட்டனர். ஒரு நிரலில் வைத்த வட்டு ஒரு பென்னி. அடுத்த நிரலில் ஒரு ஷில்லிங். அதற்கடுத்த நிரலில் ஒரு பவுன். அப்பால் இருபது, நூறு, ஆயிரம் என்று மதிப்பு உயர்ந்துகொண்டே செல்லும். ஒரே வட்டு தான் இருக்கும் இடத்திற்கேற்ப மதிப்புப் பெற்றது.

அம்மேசை சதுரங்கப் பலகையை ஒத்திருந்தமையால், பலகையின் பெயரே அவ்வவைக்கும் பெயராகி, ‘எக்ஸ்செக்கர்’ என்று வழங்கலாயிற்று. இன்றும் அந்நாட்டு நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அச்சொல் நின்று நிலவுகின்றது. இந்த அவையின் நடைமுறைகளை, அதன் பொருளாளராக விளங்கிய ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் என்பவர் 1170களின் இறுதியில் இலத்தீன் மொழியில் ஒரு நூலாக எழுதினார். அந்நூல் ஆசிரியரும் மாணவரும் உரையாடும் முறையில் அமைந்தது. அதில் மாணவர், இவ்வவைக்கு இப்பெயர் வந்த காரணம் யாது என்று வினவுகின்றார். ஆசிரியர் நகைக்கவில்லை. பலகையின் வடிவை ஒத்திருப்பதே காரணம் என்று விடை கூறுகின்றார். அத்துடன் அமையாது, சதுரங்கத்தில் இரு படைகள் பொருவதுபோல இங்கே பொருளாளருக்கும் கணக்குக் காட்ட வந்த ஷெரிப்புக்கும் போர் நிகழ்கின்றது என்றும் விளக்குகின்றார். இப்பகுதியைப் படித்தபொழுது, என் வகுப்பில் எழுந்து நின்ற மாணவனை எண்ணி நாணினேன்.

பணம் செலுத்தியதற்கு அக்காலத்தில் அளித்த சான்று தாள் அன்று, மரக்குச்சி. ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலமும், நூறு பவுனுக்குக் கட்டைவிரல் அகலமும், இருபது பவுனுக்குச் சுண்டுவிரல் அகலமும் உடையதாக அக்குச்சியில் வெட்டு இடுவர். பின்னர் அதனை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைப் பணம் செலுத்தியவரிடம் கொடுத்து, மறு பாதியை அவையினர் வைத்துக்கொள்வர். ஐயம் எழுந்தால் இரண்டு பாதிகளையும் பொருத்திப் பார்ப்பர். வெட்டுக்கள் இயைந்தால் மெய், இயையாவிடின் பொய். எழுத்தறியாதவரையும் எளிதில் ஏமாற்ற இயலாத முறை அது. இக்குச்சிகள் வழக்கிழந்த பின்னர், 1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், குவிந்து கிடந்தவற்றை இலண்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் அடுப்புக்களில் இட்டு எரித்தனர். அத்தீ அடங்காது பரவி, அக்கட்டடத்தின் பெரும்பகுதியையே எரித்துவிட்டது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பணமுறித் தாள்களில் வஞ்சம் நிகழாமல் தடுப்பதற்காக வைத்துக்கொள்ளும் அடிக்கட்டைத் தாளுக்குச் செக் என்னும் பெயர் வழங்கியது. தடுப்பது என்பதே அங்கும் பொருள். நாளடைவில், அடிக்கட்டையின் பெயர் அதனோடு இணைந்த முறிக்கே உரியதாயிற்று. எக்ஸ்செக்கர் என்னும் பெயரின் சாயல் படிந்து அதன் எழுத்தும் மாறியது. ஆனால், அமெரிக்கர் இன்றும் பழைய எழுத்துக்களாலேயே அதனை எழுதுகின்றனர்.

மாணவர்களே, இப்பொழுது திரும்பி நோக்குங்கள். தொடர்பில்லாதன என்று நாம் கருதிய பொருள்கள் யாவும் ஒரே ஆலின் விழுதுகளாக நிற்கின்றன. அரசனைக் குறித்த சொல், அவனுக்கு நேரும் இடரைக் குறித்து, பின் தடையைக் குறித்து, அதன்பின் சரிபார்த்தலையும் பணமுறியையும் குறித்தது. மேலும் ஒன்று கருதத்தக்கது. 1787ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சட்டத்தை வகுத்தோர், எந்த அதிகாரமும் தடையின்றி இயங்குதல் கூடாது என்று கருதினர். சட்டமன்றம் இயற்றும் சட்டத்தை நாட்டின் தலைவர் மறுக்கலாம். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் உடன்பட்டால் அம்மறுப்பையும் கடக்கலாம் என்று அமைத்தனர். இவ்வாறு ஒன்றை ஒன்று தடுக்கும் ஏற்பாட்டையும் ஆங்கிலத்தில் செக் என்றே கூறுவர். அரசன் என்று பொருள்பட்ட சொல், ஆள்வோரைக் கட்டுப்படுத்தும் தடைக்குப் பெயராகிவிட்டது.

இச்சொல்லின் பொருள்களைத் தமிழில் பெயர்த்தோர் ஒரே சொல்லால் பெயர்க்கவில்லை. பணமுறியைக் காசோலை என்றனர். காசுக்கு உரிய ஓலை என்று பழைய வழக்கும் புதிய பொருளும் ஒருங்கே அதில் இயைந்தன. அணையைத் தடுப்பணை என்றனர். செக்போஸ்டைச் சோதனைச் சாவடி என்றனர். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் மறைந்து நிற்கும் வேறுபாடு தமிழில் வெளிப்படையாகத் தோன்றுகின்றது. பொருளை உணர்ந்து பெயர்த்தலே மொழிபெயர்ப்பின் நெறி என்பதற்கு இவை நல்ல சான்றுகள்.

ஆயினும், ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஒலி ஒத்த அளவில் உறவு கொண்டாடிவிடுதல் கூடாது. நடு ஐரோப்பாவில் செக் நாடு என்று ஒரு நாடு உண்டு; அஃது அங்கு வாழும் இனத்தாரின் பெயரால் அமைந்தது; பாரசீக அரசனோடு அதற்குத் தொடர்பு இல்லை. எண்ணெய் ஆட்டும் செக்கு நம் ஊர்களில் தொன்றுதொட்டு வழங்கும் சொல். கோவைச் சிறையில் வ. உ. சிதம்பரனார் இழுத்த அச்செக்கை ஆங்கிலச் செக்கோடு இணைப்பது பேதைமை. ஒரு சொல் எந்த நாட்டில், எந்த நூற்றாண்டில், எந்த வடிவில், எப்பொருளில் வழங்கியது என்று படிப்படியாகக் காட்ட இயலுமாயின் உறவு உண்டு என்க. இயலாதாயின், அவ்விரண்டும் சந்தையில் ஒரே நிற ஆடையோடு நின்ற இருவரே.

அம்மாணவனுக்கு நான் அன்றே கூறியிருக்க வேண்டிய விடை இதுதான்: “தம்பி, நன்று கேட்டாய். இரண்டும் ஒரே சொல் அல்ல. வானத்துச் செக்கர் செம்மையில் பிறந்தது. பேருந்துச் செக்கர், சதுரங்கப் பலகையின் அரசனிலிருந்து வந்தவர்.” அவன் இப்பொழுது எவ்வூரில் இருக்கின்றானோ, அறியேன். அவன் பிள்ளைகளேனும் இப்பாடத்தைப் படிக்கக்கூடும். நீங்களும் உங்கள் வகுப்பில் இத்தகைய ஐயம் எழும்பொழுது எழுந்து கேளுங்கள். பிறர் கேட்கும்பொழுது நகையாதீர்கள்.